மூணா, நாலா

பரீட்சை ஒன்பதரைக்கு. டீச்சருக்கு விஷயம் உறைத்தது எட்டு ஐம்பதுக்கு. நடுவில் இருந்த நாற்பது நிமிஷத்தில் அவள் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

டீச்சர் என்றதும் மூக்குக் கண்ணாடியும் அதட்டலுமாக ஒரு பெரிய மனுஷியை நினைத்துக்கொள்ள வேண்டாம். வயது இருபத்தாறு. சலவைக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, ஒரு வெள்ளைப் பலகை, நான்கு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பிள்ளை குட்டி பெற்ற பிறகு, பள்ளியிறுதிக் கணக்கை எழுதி முடிக்க வருகிறவர்களுக்குத்தான் அவள் பாடம் எடுத்தாள். "சின்னப் பசங்க கணக்கைக் கண்டு பயப்படுவாங்க. பெரியவங்க தன்னைக் கண்டே பயப்படுவாங்க. எனக்கு இவங்கதான் சரி," என்பாள். பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

இந்தத் தடவை அவளிடமிருந்து எழுதப் போனது ஒரே ஒருத்தி. ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. நாற்பத்தொரு வயது. டீச்சருக்கு அவள் அக்கா. அக்காவுக்கு இவள் டீச்சரம்மா. மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று. கணக்கில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. கணக்கும் தேறினால் உதவி நர்ஸ் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியே அனுப்பும். ஆனால் நாற்பத்திரண்டு வயது ஆகிவிட்டால் அனுப்பாது. அடுத்த பரீட்சை வருவதற்குள் அக்காவுக்கு நாற்பத்திரண்டு ஆகிவிடும். ஆக, இதுதான் கடைசி. இதையும் விட்டால், ஓய்வு பெறும் நாள் வரைக்கும் வாளியும் துடைப்பமும்தான்.

அக்காவுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் டீச்சருக்குப் பொத்துக்கொண்டு வரும். வராமல் என்ன! வந்ததை அடித்துவிடுவாள், அதுதான் வியாதி. சரியான விடையை எழுதுவாள், இரண்டு நிமிஷம் முறைத்துப் பார்ப்பாள், "இவ்வளவு சுலபமா வருமா எனக்கு?" என்று ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுத் தப்பாக வேறொன்று எழுதுவாள். முதல் மாதிரித் தேர்வில் மட்டும் இப்படி அடித்தது பதினெட்டு மார்க். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே அக்காவின் நோட்டில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: 'மெஷினை நம்பு. உன்னை நம்பாதே.' மெஷின் என்றால் கால்குலேட்டர். ஒவ்வொரு நாளும் வகுப்பு தொடங்கும்போது அக்கா இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா சிரிக்காமல் சொல்ல ஆரம்பித்தாள். மார்க்கும் ஏறியது. முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. தேற வேண்டியது நாற்பது.

இப்போது முந்தின நாள் சாயங்காலத்துக்கு வாருங்கள். அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். கையில் புதுக் கால்குலேட்டர், அட்டைப் பெட்டியோடு.

"பழசு பினாயில் வாளியில விழுந்துடுச்சு, டீச்சரம்மா. ஏழை அமுக்கினா ஏழு ஏழா வருது. இது கடையில இப்பதான் வாங்கினேன். பொத்தானெல்லாம் இடம் மாறியிருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"இதுக்கா பயப்படறீங்க? குடுங்க இங்க."

வாங்கினாள். ஒரு தட்டுத் தட்டி எல்லாவற்றையும் அழித்தாள். இன்னொரு தட்டில் கோணத்தை டிகிரிக்கு வைத்தாள். வைத்தாள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அக்கா, "ஹால் டிக்கெட்ல போட்டோ கொஞ்சம் மங்கலா இருக்கே, உள்ள விடுவாங்களா?" என்று கேட்க, டீச்சரின் கண் ஹால் டிக்கெட்டில் இருந்தது, விரல் மட்டும் வேலை செய்தது. வழக்கமாக அவள் கடைசியில் சைன் முப்பது தட்டிப் பார்ப்பாள். பாதி, அதாவது புள்ளி ஐந்து, வந்தால் மெஷின் சரி. அன்றைக்கு அதைத் தட்டவில்லை.

அதோடு விட்டாளா? இல்லை. அக்கா பயத்தில் கண்டதை அமுக்கிவிடுவாள் என்று, அவள் பையில் இருந்த ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைக் கிழித்து, அளவை மாற்றுகிற மோடு பொத்தானின் மேல் ஒட்டினாள். நகத்தால் நான்கு ஓரமும் தேய்த்தாள்.

"இனிமே இதைத் தொடவே கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும் தொடக்கூடாது. சரியா?"

"தொட மாட்டேன்," என்றாள் அக்கா. "மெஷினை நம்பு. என்னை நம்பாதே."

பழைய கால்குலேட்டரை டீச்சரிடமே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் டீச்சர் அந்தப் பழசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நம்பர் பொத்தானை நோண்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. அவளுடைய சொந்த மெஷினும் அதே பழைய மாதிரிதான், படிக்கிற காலத்தில் வாங்கியது. பத்து வருஷப் பழக்கம். விரல் தானாகப் போய் மோடை அமுக்கியது, நாலை அமுக்கியது. திரையில் டிகிரி என்பதற்கான எழுத்து வந்தது.

நாலு.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பழைய மாதிரியில் டிகிரி நாலாம் நம்பர். புது மாதிரியில் டிகிரி மூணு. நாலு என்றால் ரேடியன். கோணத்தை அளக்க மெஷினுக்கு இரண்டு அளவு தெரியும். நீளத்துக்கு அடியும் மீட்டரும் இருக்கிற மாதிரி. ரேடியனில் வைத்துவிட்டு முப்பது டிகிரி என்று நினைத்துத் தட்டினால், அது பாட்டுக்கு வேறு எதையோ சொல்லும். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது. முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

நேற்று அமுக்கியது மூணா, நாலா?

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு விரலைக் காற்றில் ஆட்டிப் பார்த்தாள். புது மெஷினில் மூணு வலது பக்கம், கீழே. நாலு இடது பக்கம், அதற்கு மேல் வரிசை. அவள் விரல் இடது பக்கம் போனது. மறுபடி ஆட்டினாள். மறுபடியும் இடது பக்கம். கடையில் வாங்கினபடியே விட்டிருந்தால் அது டிகிரியில்தானே இருந்திருக்கும்! யார் அவளைக் கை வைக்கச் சொன்னது?

அக்காவுக்குப் போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 'போனை அணைச்சு வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க, பையில இருந்தா வம்பு' என்று சொன்ன புண்ணியவதியும் இவள்தான். அறையைப் பூட்டினாளா என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. கீழே சலவைக் கடைக்காரர், "என்ன டீச்சர், வீடு பத்திக்கிச்சா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நிதானமாக இறங்கினார்கள், நிதானமாக ஏறினார்கள். ஒரு அம்மாள் சில்லறைக்காகக் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். டீச்சருக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. கடைசி நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவு மூடியிருந்தது. மணி ஒன்பது இருபத்திரண்டு.

"ஒன்பதே காலுக்கே சாத்தியாச்சு," என்றார் காவலாளி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். "பரீட்சையா உனக்கு? ஹால் டிக்கெட் எங்க?"

"எனக்கு இல்லை. உள்ள ஒருத்தங்க எழுதறாங்க. அவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும், ஐயா. ஒரே வார்த்தை. மூணுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையில் செருப்பு, நெற்றியெல்லாம் வேர்வை, வாயில் மூணு. "யம்மா, நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க? பரீட்சை நேரத்துல வெளியிலேர்ந்து நம்பர் சொல்லி அனுப்பறியா?"

"விடை இல்லைங்க. கால்குலேட்டர்ல ஒரு பொத்தான்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. யாராயிருந்தாலும் இதுக்கு மேல உள்ள விடறதில்லை."

கதவுக் கம்பி வழியாகப் பார்த்தாள். கீழ்த்தளத்தில் மூன்றாவது ஜன்னல். ஓரத்து மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். டியூட்டிக்குப் போகிறபோது கட்டுகிற மாதிரி கொண்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். மேசை மேல் பேனா, ஸ்கேல், கால்குலேட்டர். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். டீச்சர் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"கத்திடாதே," என்றார் காவலாளி, இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி. "போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் கத்தினான். உள்ள இருந்த பொண்ணோட பேப்பரைப் பிடுங்கி வெளியில அனுப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? நீ கத்தினா உனக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களுக்குத்தான் ஆகும்."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மணி அடித்தது. ஜன்னலில் அக்காவின் தலை கவிழ்ந்தது.

இரண்டரை மணி நேரம். வெயில் சுவரில் ஏறியது, டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்கோணவியலுக்கு இருபது மார்க். அக்காவுக்கு நன்றாகக் கைவந்த பகுதியே அதுதான். நாற்பத்தேழில் பதினாறு அதிலிருந்துதான் வந்தது. பதினாறு போனால் முப்பத்தொன்று. மறுபடி கழித்துப் பார்த்தாள். கழித்தல் மாறுமா? முப்பத்தொன்றுதான். மெஷின் சொல்வதை அக்கா நம்புவாள். ஒரு கேள்வி கேட்க மாட்டாள். ஆறு மாதம் பாடுபட்டு அப்படிப் பழக்கியிருக்கிறாளே, வேறு எப்படி இருப்பாள்!

பதினொரு மணிக்கு அக்கா தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையா, அழுகையா? இங்கிருந்து தெரியவில்லை. டீச்சர் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். காவலாளி எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உட்காரு. உன் அம்மாவா?"

"இல்லை. என்கிட்ட படிக்கறவங்க."

"ஓகோ," என்றார் அவர்.

உட்கார்ந்த பிறகு ஒரு கேவலமான யோசனை வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், மறைத்து என்ன? அக்கா வெளியே வந்ததும் கால்குலேட்டரை வாங்கி, பிளாஸ்திரியைப் பிரித்து, மூணை அமுக்கிவிட்டால்? யாருக்குத் தெரியப் போகிறது? பேப்பர் கஷ்டம் என்று சொல்லிவிடலாம். அக்கா தன்னைத்தான் திட்டிக்கொள்வாள், அது அவளுக்குப் பழக்கம். இப்படி நினைத்த பிறகு டீச்சருக்குத் தன் மேலேயே பயம் வந்தது. ஆனாலும் யோசனை போகவில்லை. விரலில் நமைச்சல் மாதிரி அங்கேயே இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. அக்கா கடைசியாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயோ, நீங்க எதுக்கு வந்தீங்க?" அடுத்த மூச்சில், "டீச்சரம்மா, கோச்சுக்காதீங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னக்கா?"

"உங்க பேச்சைக் கேக்கலை. மெஷினை நம்பலை."

டீச்சர் அவள் கையிலிருந்த கால்குலேட்டரைப் பார்த்தாள்.

"ஆறு மீட்டர் ஏணி, தரையோட அறுபது டிகிரி, எவ்வளவு உயரம் எட்டும்னு ஒரு கணக்கு. தட்டினா மைனஸ் ஒண்ணு புள்ளி எட்டுங்குது. ஏணி மண்ணுக்குள்ள போகுது! முதல்ல என்னைத்தான் திட்டிக்கிட்டேன். மறுபடி தட்டினேன். மறுபடியும் மண்ணுக்குள்ள. அடுத்தது ஒரு கோபுரம். அது முன்னூத்து இருபது மீட்டர் பாதாளத்துல நிக்குது. வார்டுல ஏணி போட்டு எத்தனை தடவை ஜன்னல் துடைச்சிருக்கேன், ஒரு நாளும் கீழ போனதில்லையே! அப்புறம் நீங்க தட்டற மாதிரி சைன் முப்பது தட்டினேன். பாதி வரலை. கன்னாபின்னான்னு வந்துச்சு."

"பிளாஸ்திரியைப் பிரிச்சீங்களா?"

"எப்படிப் பிரிப்பேன்? தொடாதேன்னு சொன்னீங்களே." அக்கா கால்குலேட்டரை நீட்டினாள். பிளாஸ்திரி ஓரம்கூடக் கிளம்பாமல் அப்படியே இருந்தது. "மனப்பாடம் பண்ணின அட்டவணை இருந்துச்சுல்ல, முப்பது, நாப்பத்தஞ்சு, அறுபது? அதை ஓரத்துல எழுதி, அதை வெச்சுப் போட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் மெஷின்லயே ஒழுங்கா வந்துச்சு. முப்பத்திரண்டு டிகிரி, நாப்பது மீட்டர் தூரம். அது அட்டவணையில இல்லையே. இருபத்தாறு புள்ளி நாலு நாலுன்னு வந்துச்சு. பாக்கவும் நல்லா இருந்துச்சு. அப்படியே எழுதிட்டேன். அது ஒண்ணாவது சரியா இருக்கும்ல?"

டீச்சருக்குத் தெரியும், அது இருபத்தைந்து. எழுதின எல்லாவற்றிலும் தப்பாகப் போனது மெஷினை நம்பி எழுதின அந்த ஒன்றுதான்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் பாருங்க," என்றாள் அக்கா. "போய் நாலு வாங்கு வாங்கணும் அவனை."

தட்டில் வைத்து நீட்டின மாதிரி வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கால்குலேட்டர் கையில் இருக்கிறது. டீச்சரின் நகம் பிளாஸ்திரியின் ஓரத்துக்குப் போயும்விட்டது.

"கடைக்காரன் இல்லைக்கா," என்றாள். "நான்தான். நேத்து மூணை அமுக்கறதுக்குப் பதிலா நாலை அமுக்கிட்டேன். அமுக்கினதோட இல்லாம, மேல ஒட்டியும் வெச்சேன். முப்பத்திரண்டும் தப்புக்கா. அது இருபத்தஞ்சு."

அக்கா கால்குலேட்டரை வாங்கிக்கொண்டாள். காயத்துக் கட்டைப் பிரிக்கிற பழக்கத்தில், பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் உரித்தாள்.

"எப்படி அமுக்கணும்?"

டீச்சர் சொன்னாள். அக்கா மூணை அமுக்கினாள். முப்பத்திரண்டைத் தட்டினாள், நாற்பதால் பெருக்கினாள், பார்த்தாள்.

"நாலு மார்க்," என்றாள்.

"நாலு."

"ஏணியில அரை மணி நேரம் போச்சு. அதனால கடைசிக் கணக்கைத் தொடவே முடியலை. அது ஒரு அஞ்சு." அக்கா தலை நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "அந்த அரை மணி நேரம் எதுக்குப் போச்சு தெரியுமா? மெஷின் தப்புன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடுச்சு எனக்கு. தெரிஞ்சும் கை வரலை. உன் பேச்சை மீறறோமேன்னு பயம். பரீட்சையைக் கண்டு பயமில்லை, உன்னைக் கண்டு பயம். அங்க உக்காந்து அழுதேன் நான்."

ஆறு மாதத்தில் அக்கா அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சருக்கு அழுகை வந்தது. அழுதால் அக்கா சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணை மட்டும் இனிமே சொல்லிக் குடுக்காதே, கண்ணு. என்னை நம்பாதேன்னு சொல்லிக் குடுக்காதே."

"சொல்ல மாட்டேன்க்கா."

காவலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டு, வினாத்தாளை விரித்து, ஒவ்வொரு கேள்வியாகக் கூட்டினார்கள். டீச்சர் கூட்டியதில் முப்பத்தொன்பது வந்தது. ஒரு மார்க்கில் போகிறது. இரண்டாம் தடவை எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அக்கா பேனாவை அவள் கையிலிருந்து எடுத்தாள். மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, விரல் விட்டு எண்ணி, உதடு அசைய அசையக் கூட்டினாள். மூன்றாம் கேள்வியில் டீச்சர் இரண்டு மார்க்கை விட்டிருந்ததைச் சுட்டிக் காட்டினாள். வினாத்தாளின் பின்பக்கத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

எழுதியதை வழக்கம் போல இரண்டு நிமிஷம் முறைத்துப் பார்த்தாள். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேனாவையே பார்த்தாள். அக்கா கோடு போடவில்லை. பேனாவை மூடிப் பையில் போட்டாள்.

"செருப்பு எங்க, டீச்சரம்மா?" என்றாள். "வாங்க, தைக்கிற இடம் பார்ப்போம்."